தோப்பு வீட்டு வைஃபையில் நான்காவதாக ஒரு போன்

காளியாயி,

தோப்பு வீட்டு ரவுட்டருக்குப் புது பேட்டரி வாங்கச் சிங்கம்புணரிக்குப் போகிறேன். கரண்ட் போனால் கேமராவும் கண்ணை மூடிவிடுகிறது. நான் வைத்த கத்திரிக்காய்க் குழம்பில் உப்புக் குறைவு. அதற்காகவாவது வாயைத் திறந்து திட்டு.

"ஊருக்கே பாஸ்வேர்டைக் குடுத்துட்டு வந்து நிக்கிறீக" என்று சொன்ன நீ, மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கண்மாய்க் கெளுத்தி என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனதாக அன்றைக்குச் சொன்னது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். இது பொய்யில்லை.

அந்த வைஃபையில் நம் இரண்டு போனும் கேமராவும்தான் இருக்க வேண்டும். நான்காவதாக ஒன்று சேர்கிறது. பேர், முத்துக்கண்ணன். மாசியில் உன் தம்பியைத் தோப்பில் அடக்கம் செய்தபோது, ஆசையாக வைத்திருந்த பொருளென்று அவன் போனை நீதானே குழியில் வைத்தாய்?

வியாழக்கிழமை பாஸ்வேர்டை மாற்றினேன். மறந்துவிடாமல் இருக்க, அவனை அடக்கம் செய்த இடத்தில் புல் பிடுங்கும்போது ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்கே திரும்பச் சேர்ந்துவிட்டான்.

நேற்று மத்தியானம் அவன் போன் வைஃபையில் சேராதபடி தடுத்து வைத்தேன். ஆளில்லாத வீட்டுக் கேமராவிலிருந்து குரல் வந்தது: "என்ன மச்சான், என்னைய வெளிய நிறுத்திட்டீக?" உடனே தடையை எடுத்துவிட்டேன்.

இருளாண்டி

எழுத விட்டுப்போனது: அவன் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். தோப்பில் மண்ணுக்கு அடியில் மணி கேட்டது. அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். என் பேச்சை அவன் உயிரோடு இருந்தபோதே கேட்டதில்லை. வெளியே போகச் சொல்வதானால் நீ கூப்பிட்டுச் சொல். உள்ளேயே இருக்கட்டும் என்றால், அதை என்னிடம் சொல்.