பிறப்பிடமும் வதிவிடமும் வால்தம்ஸ்டோ

அன்புள்ள அக்கா,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டோம் என்கின்றன. முதல் வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. பேனையை இறுக்கிப் பிடிப்பதால் தாளின் மறுபக்கத்தைத் தடவினாலே வாசிக்கலாம் போல இருக்கிறது. காலைத் தேநீருக்குப் பிறகு தொடங்கினேன். இந்த இடத்துக்கு வர மத்தியானச் சோறு ஆறிவிட்டது.

என் மனைவிக்குக் கோபம். "என்னைக் கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில எனக்கொரு கடிதம் எழுதேல்லை. முதல் கடிதம் பக்கத்து வீட்டு மனிசிக்கோ?" என்று கேட்டாள். உமக்கு எழுதினால் வாசிக்க உம்மிடம் கண்ணாடி எங்கே, அதைத்தான் தொலைத்துவிட்டீரே என்றேன். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய், சோற்றைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்கள் இருந்த காலத்தில் பெரும்பகுதி எனக்கும் தெரியாது. போனவர்களுக்கு எல்லா மொழியும் விளங்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு உங்கள் வீட்டுப் பக்கமிருந்து பெயின்ற் மணம் வந்தது. ஒரு கணம், நீங்கள்தான் ஏணியில் ஏறி முன்கதவுக்குப் பூசுகிறீர்கள் என்று நினைத்து, கீழே இறங்குங்கோ அக்கா என்று கத்த வாயெடுத்துவிட்டேன். வீட்டை வாங்கியவர்கள் கதவுக்குச் சாம்பல் நிறம் அடிக்கிறார்கள். நீங்கள் எப்போதும் கடும் நீலம்தான் பூசுவீர்கள். ஏன் இந்த நிறம் என்று நான் கேட்டபோது, "இது என் தாத்தாவின் சட்டை நிறம்" என்றீர்கள். நான் ஏதோ வேலைக்காரச் சட்டை என்று நினைத்தேன். பட்டாளச் சட்டை என்று தெரியவர இரண்டு கோடை போயிற்று.

நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று "அண்ணை" என்று கூப்பிடுவார்கள். நீங்கள் அதுதான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டீர்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த நீங்கள், வேலிக்கு மேலால் "குட் மோர்னிங் அண்ணை" என்பீர்கள். என் மனைவி ஒருநாள் சிரித்துச் சிரித்து விளக்கம் சொன்னாள். நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும், நான் அவருக்கு அக்கா, அவர் எனக்கு அண்ணை, இரண்டு பேரும் மூத்தவர்கள், யாரும் யாருக்கும் அடங்கத் தேவையில்லை என்றீர்கள்.

அந்தச் சட்டை போட்ட சிப்பாயின் படத்தை நீங்கள் முதலில் காட்டிய நாள் எனக்கு நல்ல நினைவு. உங்கள் குசினி மேசை, கறுத்த தேநீர். படத்தில் ஒரு பெடியன். சட்டை பெரிது, தோள் சின்னது, தொப்பி காதில் வந்து நிற்கிறது. உங்கள் அப்பாவின் அப்பா. நாங்கள் அப்பப்பா என்போம். லண்டன் துறைமுகத்தில் கப்பலேறி வேலைக்காரப் பையனாக அமெரிக்கா போனவர். அங்கே வடக்கும் தெற்கும் அடிபட்ட காலம், பதினைந்து வயதில் பதினெட்டு என்று பொய் சொல்லி யூனியன் படையில் சேர்ந்தார் என்றீர்கள். அது எந்தப் பக்கம் என்று கேட்டேன். தெற்கு பிரிந்து போகப் பார்த்தது, பிரிய விடமாட்டோம் என்று நின்ற அரசாங்கத்தின் படைதான் யூனியன் படை என்றீர்கள்.

பிரிந்து போகிறோம் என்று கேட்டவர்களை அரசாங்கத்தின் ஆமி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதை ஊரில் கண்ட கண்தானே இது. அந்தத் தெற்கு ஆட்களைப் பற்றி ஒன்றும் அறியாமலே அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன். "அப்ப உங்கட அப்பப்பா ஆமிக்காரனோ?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டுவிட்டு, தேநீரைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். அதன்பிறகு கொஞ்ச நாள் வேலிப் பக்கமே வரவில்லை. புல் முழங்காலுக்கு வளர்ந்தும் வெட்டவில்லை.

நீங்கள்தான் வந்தீர்கள். மழைக்குள், படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு. என் வாசலில் நின்றே சொன்னீர்கள்.

"அவர்கள் எதற்காகப் பிரிந்து போகப் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லையே, அண்ணை."

பிறகு உள்ளே வந்து இருந்து சொன்னீர்கள். மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் வழக்கத்தை விடமாட்டோம் என்பதற்காகத்தான் பிரியப் பார்த்தார்கள். சண்டை தொடங்குமுன்னரே பஞ்சு ஏற்றப் போன கப்பலில் உங்கள் அப்பப்பா அந்தப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கியிருக்கிறார். தன் வயதுப் பையன் ஒருவனை மேடையில் ஏற்றி விற்பதைக் கண்டிருக்கிறார். வாங்கியவன் அந்தப் பையனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தானாம். அதைக் கண்டவர் பிறகு வயதைப் பற்றிப் பொய் சொன்னதில் என்ன பிழை என்று கேட்டீர்கள்.

எங்கட சண்டை வேறை அக்கா என்றேன். "தெரியும். நான் என்னுடையதைத்தான் சொல்கிறேன். உங்களுடையதை நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் என் தம்பியைப் பற்றி இந்த நாட்டில் எங்கள் ஆளல்லாத ஒருவருக்கு முதன்முதல் சொன்னேன். அவனும் அதே வயதில்தான் போனான். சைக்கிளைப் பாடம் படிக்கிற ரியூசன் கொட்டில் வாசலில் விட்டுவிட்டுப் போய் இயக்கத்தில் சேர்ந்தான். திரும்பவில்லை. அவனுக்கு ஒரு கல்லறை இருந்தது, பிறகு ஆமி இடித்து அதுவும் இல்லாமல் போயிற்று. இதைச் சொன்னால் மற்றவர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள், சரியா பிழையா என்று. நீங்கள் அதைக் கேட்கவில்லை. அவனுக்கு என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்டீர்கள். கணவாய்க் கறி என்றேன். என் மனைவி குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

உங்கள் அப்பப்பாவின் மிச்சக் கதை அதன்பிறகு எனக்கு வீட்டுக் கதை போல ஆகிவிட்டது. பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போய் இந்த ஊருக்கே திரும்பிவந்தது, சலவைக்காரப் பெண்ணொருத்தியைக் கட்டியது, வீடு நிறையப் பிள்ளைகள், கடைசிப் பிள்ளை உங்கள் அப்பா. மனைவி ஏசத் தொடங்கினால் நல்ல காதைத் தலையணையில் வைத்துப் படுத்துவிடுவாராம். நீங்கள் பிறக்கமுன்னரே அவர் போய்விட்டார். ஆனால் அவருடைய செத்தவீட்டை நேரில் கண்டதுபோல் சொல்வீர்கள். தெரு முழுவதும் பின்னால் நடந்தது. அந்தப் படையில் இருந்து லண்டனில் மிஞ்சியிருந்த கிழவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ச்சுக்குள் கொள்ளவில்லை.

அந்தப் பெரிய குடும்பம் எப்படியோ தேய்ந்து உங்களில் வந்து நின்றது. நீங்கள் கலியாணம் கட்டவில்லை. தம்பியும் பிள்ளையில்லாமல் போய்விட்டார். நீங்கள் எதற்கும் பயந்த ஆளல்ல. ஏணிக்குப் பயமில்லை, கவுன்சில்காரருக்குப் பயமில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான். ரோசாச் செடியை வெட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒருநாள் சொன்னீர்கள்.

"அவருக்குப் பின்னால் ஒரு தெருவே நடந்தது. எனக்குப் பின்னால் பாதிரியாரும் கார் சாரதியும்தான். சாரதிக்குச் சம்பளம்."

நான் வருவன்தானே என்றேன். "வருவீர்கள், பிந்தி வருவீர்கள்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் ஒன்றையும் வெட்டவில்லை.

அந்தக் காலத்தில்தான் நான் கோயில் மண்டபத்தில் முதியோர் தமிழ் வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். சின்ன வயதில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவன் நான். அங்கே ஒருவர் பேப்பரை உரத்து வாசிப்பார், நாங்கள் சுருட்டிக்கொண்டு கேட்போம். அதனால் காதுக்குத் தமிழ் வந்தது, கைக்கு வரவில்லை. வகுப்பு முடிந்து வந்ததும், இன்றைக்கு என்ன எழுத்து என்று வேலியில் நின்று கேட்பீர்கள். நான் காற்றில் கீறிக் காட்டுவேன். 'ஞ' வைக் கண்டுவிட்டு, இது எழுத்தல்ல, யாரோ கதிரையில் இருந்து குனிந்து காலில் சப்பாத்துக் கட்டுகிறார்கள் என்றீர்கள். இன்றைக்கும் 'ஞ' எழுதும்போது எனக்கு அந்தக் கதிரை தெரிகிறது.

மாசி மாதக் குளிரில் நீங்கள் போனீர்கள். நித்திரையிலேயே. அடக்கச் செலவெல்லாம் முன்னரே கட்டிவைத்திருந்தீர்கள். நாளும் குறித்தாயிற்று. ஆனால் யாருக்கு அறிவிப்பது என்று பாதிரியார் என்னைத்தான் கேட்டார். நானும் மனைவியும் போனால் இரண்டு பேர். நீங்கள் சொன்னதைவிட இரண்டு பேர்தான் கூட. அது எனக்குப் போதவில்லை.

எங்கள் ஆட்களின் வீட்டில் ஒருவர் போனால் என்ன செய்வோம்? மரண அறிவித்தல் போடுவோம். ஒட்டுவதற்கு எங்கள் ஆட்களின் கடைக் கண்ணாடி இருக்கிறது. இதுவரை வந்த அறிவித்தல்களை எல்லாம் பிறர் வாசிக்கத்தான் கேட்டேன். கேட்டுக் கேட்டு அந்த வசனங்கள் எனக்குப் பாடம். குசினி மேசையில் இருந்து நானே எழுதினேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றுதான் சேர்ச் ஆட்களுக்கு எழுதவேண்டும் என்றாள் மனைவி. அது நீளம், காலமானார் என்று போட்டேன். இப்படி:

"வால்தம்ஸ்டோவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட அக்கா அவர்கள் காலமானார். அன்னார், பதினைந்து வயதில் அமெரிக்க யூனியன் படையில் சேர்ந்து அடிமைகளின் விடுதலைக்காகப் போராடிய காலஞ்சென்ற வீரரின் அன்புப் பேத்தியும், எங்களின் பாசமிகு உடன்பிறவாச் சகோதரியும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: பக்கத்து வீட்டு அண்ணை."

உங்கள் சொந்தப் பெயரையும் எழுதியிருந்தேன். அதை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும்தானே.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"அண்ணை, ஆர் இவ? எந்தப் பகுதி?"

"பக்கத்து வீடு."

"ஊரில பக்கத்து வீடோ?"

"இல்லையடாப்பா, இஞ்சை பக்கத்து வீடு."

"இதில பிறப்பிடமும் வால்தம்ஸ்டோ, வதிவிடமும் வால்தம்ஸ்டோ எண்டு கிடக்கு. மாறி எழுதிப்போட்டியள் போல."

"மாறேல்லை. சரியாத்தான் எழுதினனான்."

அவர் திரும்பவும் வாசித்தார். "பிறந்த இடத்திலேயே இருந்து செத்த ஆளின்ர அறிவித்தலை நான் இண்டைக்குத்தான் ஒட்டுறன்" என்றார். ஒட்டிவிட்டு, போனில் ஒரு படமும் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்.

அடக்க நாளில் சேர்ச்சில் முதலில் நாங்கள் மூன்று பேர்தான், பாதிரியாரோடு. நேரம் வந்தது. பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். கொஞ்சம் பொறுங்கோ பாதர், எங்கட சனம் இனித்தான் வரும் என்றேன். பிறகு கதவு திறந்தது, மூடவே இல்லை. இல்ஃபோர்டில் இருந்து வந்தார்கள். ரெய்னர்ஸ் லேனில் இருந்து இரண்டு ரயில் மாறி வந்தார்கள். வெள்ளைச் சேலைகள், கறுப்புக் கோட்டுகள். எனக்குப் பின்னால் ஒருவர், வெள்ளைக்கார மனிசியோ என்று மற்றவரிடம் கேட்டார். வந்திட்டம், இரு என்றார் மற்றவர். குடும்பத்தவர்கள் முன்வரிசைக்கு வரலாம் என்று பாதிரியார் சொன்னார். நான் எழும்பிப் போனேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் எழும்பி வந்தவர்களுக்கு முன்வரிசை காணாது. பெட்டி தூக்கச் சம்பளத்துக்கு வந்தவர்களை எங்கள் பெடியள் மெல்ல விலக்கிவிட்டுத் தோள் கொடுத்தார்கள். உங்கள் அப்பப்பாவின் குழி இருக்கும் இடம் வரை, அக்கா, உங்களுக்குப் பின்னால் ஒரு தெரு நடந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் பாண் வாங்கப் போனால், உங்கட அக்காவின்ர முப்பத்தொண்டு எப்ப என்று கேட்கிறார்கள். அறிவித்தல் போட்டவன் முப்பத்தோராம் நாள் சாப்பாடும் கொடுக்கவேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிற்று. கொடுத்தோம். உங்கள் படத்துக்கு முன்னால் வாழையிலையில் மார்மலேட் பூசிய பாணும் கறுத்த தேநீரும் என் மனைவியின் கத்தரிக்காய்க் கறியும் வைத்தோம். பாதிரியாரும் வந்து நிலத்தில் இருந்து கையால் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, இத்தனை பேருக்கும் இவர் என்ன முறை என்று கேட்டார். பருப்புப் பரிமாறிக்கொண்டிருந்த கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"அறிவித்தல் பாத்தனாங்கள், பாதர்" என்றார். அதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை என்பதுபோல் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியது இதுதான். இந்தக் கை ஒருமுறை சரியாக எழுதியது. எழுதியதைச் சனம் நம்பியது. நான் கொண்டுதிரிவதெல்லாம் அந்தச் சந்தோசம்தான். உங்கள் குடும்பம் உங்களோடு முடியவில்லை, அக்கா. வருசம் திரும்ப வரும் ஆட்டத் திவசத்துக்கும் எப்ப என்று கேட்கப்போகிறார்கள்.

விரல் நோகிறது. அப்பப்பாவைக் கட்டிய அந்தச் சலவைக்கார அம்மாவைப் பற்றி இன்னும் ஒரு வரிக்குமேல் எழுதவில்லை. நல்ல காதைப் பொத்திக்கொண்டு படுத்தவருக்கு ஒரு முழுத்தாள் போய்விட்டது, ஏசியவருக்கு ஒரு வரிதானோ என்று என் மனைவி இப்போதே ஏசுகிறாள். வருகிற வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் அந்த அம்மாவின் முறை. பேனை வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டு அண்ணை