முதுகு மேல் மூன்று குஞ்சு

மச்சான்,

இன்று காலை வலையை உதறும்போது வேலம்பாசி நாற்றம் கையில் ஏறிக்கொண்டது. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

மயிலம் பக்கத்து ஏரியில் நாம் இருவரும் லாரி டியூபில் மிதந்து வலை விட்ட கடைசி வருஷம். கோரை ஓரமாக ஒரு பாசிக் குவியல் இடைஞ்சலாகக் கிடந்தது. கழியால் நெம்பிப் புரட்டினேன். நீ கத்தினாய்.

"டேய், அது குப்ப இல்லடா! முக்குளிப்பான் வூடு. கோரையில கட்டி வச்சிக்கினு கீது."

நான்கு முட்டை. ஒன்று உருண்டு தண்ணீரில் போய்விட்டது. வெள்ளையாக இட்ட முட்டைகள் பாசிச் சாயம் ஏறிப் பழுப்பாகியிருந்தன. ஆள் அரவம் கேட்டால் அந்தப் பறவை ஈரப் பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் முங்குமாம். காக்கைக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. நான் அதைக் குட்டி வாத்து என்றே நினைத்திருந்தேன். வாத்தே இல்லை என்றாய். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும் என்றாய்.

"இன்னா மச்சான், டவுன் பஸ்ஸா அது?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மீதி மூன்றையும் வைத்துக் குவியலைத் திரும்பக் கட்டினாய்.

அடுத்த மாதம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். பார்க்க வந்தேன். உடம்பைப் பற்றி நீ பேசவே இல்லை.

"பொரிச்சுதாடா?"

"பொரிச்சிடுச்சு மச்சான். மூணு குஞ்சு. முதுகு மேல குந்திக்கினு போவுதுங்க."

கண்ணை மூடிச் சிரித்தாய். பச்சைப் பொய் அது. பறவை திரும்பவே இல்லை. மூன்றும் கூமுட்டையாகிக் கிடந்தன. நாலாம் நாள் நீ போய்விட்டாய். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னமும் இருக்கிறது.

இந்த வருஷம் அதே இடத்தில் ஒரு குவியல். மேலே உள்ளங்கையை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பாசியை விலக்கவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் அந்தப் பக்கம் வலையே விடவில்லை. கூட வருகிறவர்கள், "பேஜாரு புடிச்ச ஆளு" என்று திட்டினார்கள். திட்டட்டும்.

இன்று காலை பார்த்தேன். தாயோ தகப்பனோ தெரியவில்லை, அதன் இறக்கைக்குள்ளிருந்து கோடு போட்ட தலைகள் எட்டிப் பார்த்தன. நன்றாக எண்ணினேன்.

மூன்று இல்லை மச்சான். இரண்டுதான்.