ஏரிக்கரைக்கு டிக்கெட்

9.4.2007, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

வழக்கம்போல பக்கத்து வீட்டு மெகருன்னிசாவுடன் ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். எனக்குச் சர்க்கரை, அவளுக்கு முட்டிவலி. டாக்டர் சொன்னதிலிருந்து இரண்டு பேரும் தினமும் நடக்கிறோம். இன்று கரை ஏறும் இடத்தில் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை. பக்கத்தில் புதிதாக ஒரு தகரக் கூண்டு. பலகையில் நுழைவுக் கட்டணம், பெரியவர் ஐந்து ரூபாய், சிறியவர் மூன்று, கேமராவுக்குத் தனி.

"நடக்கறதுக்குமா டிக்கெட்டு?" என்றாள் மெகரு.

"காத்து வாங்குறதுக்கும் சேத்துதாங்க" என்றான் கூண்டில் இருந்த ஆள். சிரிப்பு வேறு.

உள்ளே என்ன இருக்கிறது? இரண்டு ஊஞ்சல். வாயைத் திறந்து நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி. ஏரியில் கால்வாசி தண்ணீர், மீதி ஆகாயத்தாமரை. திரும்பி வந்துவிட்டோம். ஸ்டேஷன் ரோட்டில் லாரிப் புழுதியில் நடந்தோம்.

பீங்கான் கம்பெனியில் என்னோடு பெட்டி போடும் செல்வி இன்னும் வேலைக்கு வரவில்லை. அவளுடைய அப்பா இறந்து ஒரு வாரம். அவள் பங்கு பீங்கான் ஃபியூஸ் கேரியரையும் நானே வைக்கோல் வைத்துப் பெட்டி போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

10.4, செவ்வாய்

வெயில். மாத்திரை வாங்கவில்லை.

எழுதவே கூசுகிறது. மெகரு பிடிவாதமாக, "ஐஞ்சு ரூவாதானக்கா, குடுத்துட்டே போவோம் வாங்க" என்று இழுத்துப் போனாள். கூண்டில் இன்று வேறு ஆள். இவர். என் வீட்டுக்காரர். பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் கர்ச்சீப், கையில் டிக்கெட் கட்டு.

மனை புரோக்கர் வேலையாகப் பெண்ணாடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் விடியற்காலையில் கிளம்பியிருந்தார்.

"நீ போ, ஒனக்கு வேணாம்" என்றார் என்னிடம். மெகருவிடம் கையை நீட்டினார்.

அவள் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்! போன மாசம் இவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பியவள். நான் உள்ளே போகவில்லை. மெகரு மட்டும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

ராத்திரி கேட்டேன். கரை வசூலை ஏலம் எடுத்ததில் இவரும் பார்ட்னராம். முதலிலேயே ஏன் சொல்லவில்லை?

"சொன்னா நீ வுட்டுருவியா?"

அது உண்மைதான்.

12.4, வியாழன்

துவைக்கும் பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். தண்ணீர் அசுத்தமாகிறதாம். பின்பக்க ஒற்றையடிப் பாதையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தாயிற்று. ஆடு மாடு தண்ணீர் குடிக்க வழியில்லை. ஆகாயத்தாமரையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இவர் பேச்சு: "முன்னாடி எப்பிடி இருந்துச்சு சொல்லு. பூரா பாட்டிலு. உன் காலே கிழிஞ்சிதே. காசு வாங்குனாத்தான் சுத்தமா வச்சிக்க முடியும்."

பாட்டில் கிடந்தது வாஸ்தவம். கால் கிழிந்ததும் வாஸ்தவம். இப்போது மட்டும் பாட்டில் இல்லையா? மெகரு பார்த்தாளாம், கூண்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறதாம். கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள், பூட்டிக் கிடக்கிறது. பெண்கள் அவசரத்துக்கு எங்கே போவார்கள்?

எங்கள் கம்பெனிக்கு அந்த ஏரிப் பூங்காவிலிருந்து ஆர்டர். பீங்கான் வாத்து, ஆளுயரத்தில் பாதி. வாயில் சிவப்பு. வாத்துக்கு எதற்கு உதட்டுச் சாயம்? நான்தான் பெட்டி போட வேண்டும். தலையெழுத்து.

14.4, சனி. வருஷப்பிறப்பு

வேப்பம்பூ பச்சடி, வடை, பாயசம். பாயசம் எனக்கு இல்லை.

கரையில் நல்ல கூட்டமாம். மங்கலம்பேட்டையிலிருந்து வேனிலேயே வந்தார்களாம். இவருக்கு வாயெல்லாம் பல். சாயங்காலம் ஒரு புடவை வாங்கி வந்தார். மயில்கழுத்து நிறம், எனக்குப் பிடித்த நிறம்தான். நான் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

"கட்டிப் பாரேன்" என்றார்.

"யாரோட ஐஞ்சு ரூவாயில வாங்குனீங்க?"

டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

18.4, புதன்

லேசான மேகம். மழை இல்லை.

செல்வி அப்பாவுக்குக் கருமாதி. எங்கள் தெருவுக்கு எப்போதும் ஏரிப் படித்துறையில்தான். தாலி வாங்குவதும் அங்கேதான். கிழக்கு வெளுக்கும்போது எல்லோருமாகப் போனோம். செல்வியின் அம்மா தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், மஞ்சள் பூசிய முகம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அத்தனையும் போகப் போகிறது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடத்திவந்தோம்.

கட்டை குறுக்கே கிடந்தது. கூண்டில் இவர்.

மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், பார்த்ததும் எழுந்து தூக்கிவிடுவார் என்று. எழுந்தார். விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.

செல்வி என் காதில், "அக்கா, அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்றாள்.

கிட்டப் போய், "என்னங்க, கருமாதிங்க. வுடுங்க" என்றேன்.

"தெரியுது. இன்னைக்கு வுட்டா நாளைக்குப் பொணத்தையே தூக்கிட்டு வருவாங்க. பார்ட்னருக்கு யாரு பதில் சொல்றது?"

சத்தமாகவே சொன்னார். செல்வியின் தம்பி முறைத்துக்கொண்டு முன்னால் வந்தான். அவனைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"என்னாத்துக்குடி நிக்கிறாங்க?" என்றது செல்வியின் அம்மா.

"உள்ள போறதுக்குக் காசாம்மா."

அந்த அம்மா தலையைத் தூக்கி இவரைப் பார்த்தது. கோபமாகக்கூட இல்லை. "எனக்குமா டிக்கெட்டு?" என்றது.

இவர் டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் சோறு போட்டேன்? போய்க் கட்டையை இரண்டு கையாலும் தூக்கினேன். மறுமுனையில் கல் கட்டியிருந்ததால் சுலபமாகவே தூக்கிக்கொண்டது. "போங்க" என்றேன். கடைசி ஆள் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர் பார்க்கிறதே என்று இவர் கிட்டே வரவில்லை.

படித்துறையில் வளையல் உடைத்தார்கள். நான் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாத்துகள் இரண்டு அங்கே நின்றன.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கத்தை டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். "ஆளுக்கு ஒண்ணு கிழிச்சாச்சு. நீதான் குடுக்கணும்."

மயில்கழுத்துப் புடவையைப் பையோடு அதன்மேல் வைத்தேன். "இத கடையில திருப்பிக் குடுத்து எடுத்துக்குங்க."



19.4, வியாழன்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று.

ஆறு மணிக்கு மெகரு வந்தாள். ஸ்டேஷன் ரோடு பக்கம் திரும்பினாள். வேண்டாம், ஏரிக்கே போவோம் என்றேன். கட்டையில் இப்போது சங்கிலி, பூட்டு. அங்கே துவைக்கிற பெண்கள் நாலைந்து பேர் மூட்டையோடு நின்றிருந்தார்கள். நேற்று திறந்ததைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கட்டைக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மெகரு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அப்புறம் மற்றவர்கள், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு. கார் ஒன்று வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது. பைக்கில் வந்தவர்களும்.

"எழுந்து வூட்டுக்குப் போடி. மானம் போவுது" என்று கூண்டுக்குள்ளிருந்து இவர்.

"ரோட்டுலதான குந்தியிருக்கேன். இதுக்கும் டிக்கெட்டு அடிச்சிட்டீங்களா?"

அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். இவர் கூண்டின் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டார். வேலைக்கு நேரமாகும்வரை இருந்தோம். ஒரு டிக்கெட் கிழியவில்லை. நாளைக்கும் வருவதாகச் சொன்னார்கள். செல்வியும் வருகிறாளாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. மதியம் வந்து சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருக்கிறார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் செய்யாத வேலை.

தட்டை எடுத்துச் சாம்பல் போட்டு மறுபடி கழுவினேன்.