மோட்டார் கொடுத்த சுருதி

அன்புச் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். நீ சுகமாக இல்லை, போன வாரம் போனில் மூக்கால் பேசினாய், தூசி என்றாய், எனக்கா தெரியாது, ஆவி பிடி. அப்பா சமையலறை அலமாரிக் கதவைச் சரிசெய்துவிட்டார், இப்போது நன்றாக மூடுகிறது, திறப்பதில்லை. இனி நல்ல செய்தி. பாட்டு முடிந்தது. நான்தான் பாடியிருக்கிறேன்.

போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன், முழுவதும் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம், ராப்பகலாக அங்கே மோட்டார் ஓட்டுகிறவர்களைப் பற்றி. எடுத்தது உன் வயதுப் பெண் ஒருத்தி. அதன் தலைப்புப் பாட்டுக்கு இசை உன் சித்தப்பாவும் ஒரு கீபோர்டுக்காரரும் சேர்ந்து. கீபோர்டுக்காரரை நாங்கள் மீட்டர் என்போம், சுருதி காட்டும் கருவி எப்போதும் மடியில் இருக்கும், யாராவது தும்மினால்கூட முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பாட்டின் முதல் மூன்று வரிக்கு வாத்தியம் கிடையாது. திரையில் மோட்டார் கூடம், மேலே என் குரல். நான்காவது வரியில்தான் சித்தப்பாவின் வயலினும் கீபோர்டும் வந்து சேரவேண்டும். இத்தனை வருடம் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்று பாடியவளுக்கு மூன்று வரி, தனியாக. நீயே யோசி.

படத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறேன் என்று கேட்டேன். படத்தையும் அதன் ஒலியையும் எனக்கு மட்டும் கொடுத்தார்கள், ஒலி ஹெட்போனில். பாடினேன். வயலின் வந்தது. ஒட்டவில்லை. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் மூன்றாவது வரி முடிவதற்குள் நான் ஒரு மயிரிழை கீழே. மீட்டர் கருவியைத் திருப்பிக் காட்டினார். சித்தப்பா துடைத்த வயலின் வில்லையே துடைத்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்க அண்ணி என்றார். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் பெண் மீட்டரிடம் குனிந்து ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. ஆனால் வயது என்ற சொல்லுக்கு உதடு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். போதும்மா, எவ்வளவு நாள் பாடிட்டே, விட்டுடு என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். சரி என்றேன். குரல் தேய்ந்திருக்கிறது, மேலே இரண்டு ஸ்வரம் இப்போது கூப்பிட்டால் வருவதில்லை, அது எனக்குத் தெரிந்த கதை. கீழே சரிவது வேறு. அது காது போவது. காது போனால் பாடகி என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம். வாயே திறக்காமல் வீட்டைச் சுற்றி வந்தேன். அப்பா பொறுத்துப் பார்த்தார், பிறகு வீடு என்ன ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு என்றார்.

எனக்குப் பதில் ஒரு இளம் பாடகி வந்தாள். படம் இல்லை, காதில் சுருதி மட்டும். முள் அசையவில்லை. ஒரே டேக். இனி நடந்தது சித்தப்பா சொல்லித் தெரியும். பாட்டைப் படத்தோடு சேர்த்துப் போட்டதும் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்களாம். பாட்டில் குறையில்லை, மோட்டார்தான் ரிப்பேர் ஆனது போலக் கேட்டதாம். மோட்டாரைக் குறைத்தால் படம் செத்தது. கூட்டினால் பாட்டு செத்தது. கடைசியில் டைரக்டர் பெண், அம்மா பாடினதைச் சும்மா போட்டுப் பாருங்க, வாத்தியம் வேண்டாம் என்றாளாம். போட்டார்கள். மோட்டார் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மீட்டர் எழுந்து கருவியை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினாராம், மோட்டாருக்கு. மோட்டார் ஒரு மயிரிழை கீழே. நான் நின்ற அதே இடம். நான் சரியவில்லை கண்ணு. காதில் ஓடிய மோட்டாரோடு சேர்ந்திருக்கிறேன். எல்லாரும் வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்தோம், படத்துக்குச் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மீட்டர் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடியே, “அக்கா, என் கீபோர்டை மோட்டாருக்கு இறக்கிட்டேன். வந்து பாடுங்க” என்றார். அதற்குள்ளேயே எல்லாம் இருந்தது, வேறு சொல் தேவைப்படவில்லை. அப்பா விடுவாரா, கருவி எங்கப்பா, தொலைச்சிட்டியா என்று கேட்டு அவரைச் சிவக்கவைத்தார். போனேன். அந்த இளம் பாடகியை அனுப்பவேண்டாம் என்று சொன்னேன். எனக்கு வராத மேல் ஸ்வரங்களில் அவள் ஏறுகிறாள், நான் கீழே நின்று தாங்குகிறேன். பாடிவிட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லிட்டிருந்தது, பாவம், அவளுக்கும் பயம்தான். இந்த முறை மூன்றாவது வரி முடிந்தது, வயலின் வந்தது, என் குரல் எங்கே நின்றது வில் எங்கே தொடங்கியது என்று எனக்கே பிடிபடவில்லை.

முதல் காட்சியை அந்தப் பம்ப் நிலையத்தின் கேன்டீனில் போட்டார்கள். மோட்டாரை நிறுத்த முடியாது, ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடும். இந்த இரைச்சலில் என்ன கேட்கும் என்று டைரக்டர் பெண் நகம் கடித்தாள். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஓடியதும் சுவருக்கு அப்பால் ஓடியதும் ஒன்றாகிவிட்டன. இரண்டின் மேலும் என் குரல். முடிந்ததும் எல்லாரும் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்கள். பிறகுதான் கைதட்டல், விசில், யாரோ மேசையைத் தட்டினார்கள், அடங்க நேரமானது. எண்ணெய்க்கறைச் சட்டையோடு ஒரு ஆபரேட்டர் அம்மாள் நேரே என்னிடம் வந்தார். “நீங்க இங்க எந்த ஷிப்டுல இருந்தீங்க?” என்றார். சித்தப்பாதான் முந்திக்கொண்டு, இனிமேதான் சேரப்போறாங்க என்றார்.

பாட்டை அனுப்பியிருக்கிறேன். போன் ஸ்பீக்கரில் கேட்காதே, அதில் மோட்டார் வராது, நான் மட்டும் தனியாக நிற்பேன். நல்ல ஹெட்போனில் கேள். விட்டுடு என்று சொன்னோமே என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, நான் விடவில்லை, அவ்வளவுதான். தொட்டது துலங்கி, நல்ல தூக்கமும் நல்ல துணையுமாக நீ நிறைந்திருக்கவேண்டும். ஆவி பிடிக்க மறக்காதே.

பாட்டுக்காரி,
உன் அம்மா