படிப்புக் கடனைத் துடைத்துத் தந்த மாமாவுக்கு

அன்பு மாமா,

நீங்கள் கண்ணை மூடி இன்றோடு இருபது நாள். உங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிற சனம் எல்லாம் ஒரே கதைதான் சொல்கிறது. யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் வாசித்து வழி சொன்ன மனிதராம் நீங்கள். நான் மூலையில் இருந்து தலையாட்டுகிறேன். எனக்கும் வழி சொன்னவர்தானே?

மூன்று வருடங்களுக்கு முன்னர் எனக்கு வேலை போனது. ஸ்ட்ரெதமில் அறை வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மாணவர் கடன் கடிதம் வந்தது. கணக்கியல் படிக்க வாங்கிய கடன், வட்டியோடு வீங்கிப்போய் நின்றது. நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை மட்டும் வாசித்தீர்கள். எல்லாம் தெரிந்தவர் ஏன் மற்றப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்?

"இதுக்கேன் பிள்ளை அழுறாய்? பாங்க்ரப்சிக்குப் போடு. எல்லாத்தையும் துடைச்சு விட்டிடும்" என்றீர்கள்.

உங்கள் வீட்டில் எப்போதோ வாடகைக்கு இருந்த ஒருவருக்கு அப்படித் துடைபட்டதாம். அதற்குப் பிறகு சட்டத்தை மாற்றிவிட்டார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியது அவர்கள் பிழைதான். கடன் கட்ட வழியில்லை என்று வங்குரோத்துக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை நீங்களே நிரப்பினீர்கள். கணக்குப் படித்த இந்தக் கழுதை பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தது.

என்ன துடைபட்டது, மாமா? கார்டுக் கடன் போனது. ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்திருந்தால் அதை நானே கட்டியிருப்பேன். மாணவர் கடன் அப்படியே இருந்தது. வங்குரோத்து அதைத் தொடாது என்று எழுதியே அனுப்பினார்கள். சம்பளம் குறைந்தால் அந்தக் கடனுக்கு ஒன்றுமே கட்டத் தேவையில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். கதவைத் தட்டாத கடனுக்குப் பயந்து வங்குரோத்தானவள் லண்டனிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைக் காரணம் காட்டிக் கணக்காளர் சங்கமும் என்னை நீக்கியது. இப்போது ஒரு கடையில் காசாளர்.

அந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். அன்றைக்கு இரண்டு பக்கமும் வாசித்தீர்கள்.

"உது வெளியில ஆருக்கும் தெரியாதுதானே?" என்று கேட்டீர்கள்.

உங்கள் பெயர்தான் உங்களுக்குப் பெரிது என்று அன்றைக்கே விளங்கியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் அம்மா விம்பிள்டன் கோயில் பக்கம் தலைகாட்டமாட்டார் என்று பயந்தேன். என் பயம் உங்களுக்கு நல்ல வசதியாகிவிட்டது. பிழை விடாத மனிதர் யார், அதை நான் மறந்திருப்பேன். தெரிந்த பிறகும் அதே கதிரையில் இருந்து அதே ஆலோசனையை வாரி வழங்கினீர்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

போன ஞாயிறு உங்கள் மகள் மதுரா என்னிடம் வந்தாள். கைக்குழந்தை வேறு. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் குறைந்து, அவர்கள் வாங்கிய ஃபிளாட்டுக்குத் தவணை கட்டத் திணறுகிறார்கள். அவள் சம்பளத்தில் மாணவர் கடன் வேறு கழிபடுகிறது. ஒரு தாளை நீட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நீங்கள் எழுதிக் கொடுத்தது. வங்குரோத்துப் படிவத்தில் எந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாக. நாளைக்கு அனுப்பப் போகிறேன் என்றாள். அனுப்பியிருந்தால் மாணவர் கடன் அப்படியே இருந்திருக்கும், வங்குரோத்தில் ஃபிளாட்டை எடுத்து விற்றிருப்பார்கள்.

சொந்த மகளுக்குமா, மாமா?

தாளின் அடியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். யாழினியுடன் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று என் பெயரைப் போட்டே எழுதியிருந்தீர்கள்.

"ஏன் மச்சாள் அப்பா இப்பிடி எழுதினவர்?"

அவருக்கு மருந்து மயக்கம் என்று ஒரு பொய் சொல்லி உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நீங்கள் இரண்டு பக்கமும் வாசித்ததையும் சேர்த்து. அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு, படிவத்தை அனுப்பமாட்டேன் என்றாள். தாளைக் கிழிக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

"அப்பான்ர கையெழுத்து இது ஒண்டுதான் என்னட்ட இருக்கு."

குழந்தையின் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனாள்.

மாமா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமை என் அம்மாவிடம், உங்கள் அக்காவிடம், நான் வங்குரோத்தானவள் என்று சொல்லுவேன். படிவத்தை யார் நிரப்பியது என்றும் சொல்லுவேன். உங்களுக்காக இருபது நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிற அந்த மனுஷிக்கு அது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
இனி வாயை மூடாத உங்கள் மருமகள்,
யாழினி