அடுத்த சிலிண்டர்

செவ்வாய்க் கிரகம், வடக்கு வானிலைக் குடில். காலை 7:10
எழுதுவது ரூபவதி, மென்பொருள் பொறியாளர். குடிலில் நான் மட்டும். வெளியே புழுதிப் புயல், கதவைத் திறக்க வழியில்லை. என்னை அழைத்துப்போகும் வண்டி நாளை மதியம் வரும். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏழு; ஒவ்வொன்றும் ஒன்றரை நாளுக்குத் தாங்கும். கவலையில்லை.

இருப்பு காட்டும் திரைதான் செத்துவிட்டது. குடிலை இயக்கும் நிரலை எழுதிய துரைப்பாண்டி அதன் மூல வரிகளை அனுப்பவே இல்லை, புண்ணியவான். அதனால் ரிஃப்ளெக்‌ஷன்: ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே பிடித்து, உனக்குள் என்னென்ன புலங்கள், என்னென்ன பண்புகள், மதிப்பு என்ன என்று அதனிடமே கேட்பது. ஐந்தாறு வரியில் ஒரு கருவி எழுதி ஓட்டினேன், எல்லாவற்றையும் கக்கிவிட்டது. அதே வரிகளை நகலெடுத்து இந்த நாட்குறிப்பிலும் ஒட்டிவிட்டேன். பதிவைச் சேமித்தால் அவை ஓடி, அடியில் நிலவரம் தானாக வரும்.

[அழுத்தம்: இயல்பு. கதவு: பூட்டு. அடுத்த சிலிண்டர்: 3]

காலை 9:40
விடியற்காலையில் முதல் சிலிண்டர்தானே ஓடியது, அதற்குள் மூன்றா? கருவியில் மறுபடி கேட்டேன். நான்கு என்கிறது. வெளியே டங்கென்று ஒரு சத்தம் வேறு. புயல் எதையோ உருட்டுகிறது.

[அழுத்தம்: இயல்பு. கதவு: பூட்டு. அடுத்த சிலிண்டர்: 5]

காலை 11:15
எங்கேயோ கசிகிறது. குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. மறுபடி கேட்டேன்: ஆறு. ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தேன். பயமாக இருக்கிறது. துரைப்பாண்டியை எங்கிருந்தாலும் பிடி என்று தலைமை நிலையத்து செல்வினுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

[அழுத்தம்: இயல்பு. கதவு: பூட்டு. அடுத்த சிலிண்டர்: 7]

மதியம் 1:05
செல்வினின் செய்தி:
“எக்கா, துரைப்பாண்டி அண்ணனப் புடிச்சாச்சு. ‘அடுத்த சிலிண்டர்’ வெறும் புலம் இல்லியாம், பண்பாம். மதிப்பக் கேட்டாலே, ஓடுறதக் கழத்தி வெளிய தள்ளிட்டு அடுத்தத மாட்டிருமாம். இனி கேக்கவே கேக்காதீங்கக்கா!”

கசிவே இல்லை. நான்தான் கேட்டுக் கேட்டு, நிறைந்த சிலிண்டர்களைப் புழுதியில் எறிந்திருக்கிறேன். புலத்தைப் படித்தால் மதிப்பு வரும், பண்பைப் படித்தால் அதற்குள் எழுதியது ஓடும். இது எனக்குத் தெரியாததா? இப்படி எழுதிவைத்த கையை உடைக்க வேண்டும். பார்க்காமல் ஓட்டிய என் கையையும்தான்.

கருவியிலிருந்து அந்த வரியை அழித்துவிட்டேன். ஏழாவது முழுசாக இருக்கிறது, நாளை மதியம்வரை தாராளம். அப்பாடா. இதைச் சேமித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன்.

[அழுத்தம்: இறங்குகிறது. கதவு: பூட்டு. அடுத்த சிலிண்டர்: இல்லை]