நாற்பது கே.பி.க்குள்

9 நவம்பர் 1998, திங்கள்

இன்று எழுபத்திரண்டு பக்கம். ஜேசுதாசன் கேட்டுவிட்டு, "ஏ யப்பா! மெஷினுக்கே மூச்சு வாங்கும். பைய செய்யுங்கக்கா" என்றான். முருகன்குறிச்சியில் அவன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை இதுதான். எங்கள் சபையின் பழைய குடும்பப் பதிவேடுகளைப் பைண்டர் தையல் பிரித்துத் தனித்தனித் தாளாகக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தாளையும் ஸ்கேனரில் கவிழ்த்து, படமாக்கி, சுருக்கி, இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டுக்குப் போன சபையார் அவரவர் குடும்பத்தைத் தேடிப் பார்ப்பார்களாம்.

ஒரு பக்கம் நாற்பது கே.பி.க்குள் நிற்க வேண்டும். மீறினால் டெலிபோன் லைனில் படம் இறங்கி முடிப்பதற்குள் பார்க்கிறவர் எழுந்து போய்விடுவார். அதனால் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம். பழுப்பு, கறை, பூச்சி எச்சம் எல்லாம் 'கிளீன்' என்ற பொத்தானை அழுத்தினால் போய்விடும். இருபது வருஷம் ஆபீசில் டைப் அடித்த எனக்கு இந்தச் சுத்தம் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் கதவோடு மல்லுக்கட்டு. கீல் தொய்ந்து வருஷக்கணக்காகிறது. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும். அம்மா கடைசிவரை ஆசாரியைத் தொடவிடவில்லை. "பெனோட்ட ஒரு சாவி இருக்கு. வந்தாம்னா அவனுக்குத் தெரிஞ்ச மாதிரியே திறக்கணும்லா" என்பாள். வந்தான் என் தம்பி! பத்தொன்பது வருஷமாக வருகிறான்.

15 நவம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து இதுவரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அரைமுறித் தேங்காய் வழுவழுத்துப் போய்விட்டது. ஒருத்திக்கு ஒரு தேங்காய் எத்தனை நாளைக்கு?

20 நவம்பர், வெள்ளி

முதல் ஏடு இன்டர்நெட்டில் ஏறி நான்கு நாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கத்தின் அடியில் ஓர் எண் ஓடுகிறது. இன்று பதினாலு. அதில் பதிமூன்று நான், ஒன்று ஜேசுதாசன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். பார்க்கிறவர்கள் பெயர் எழுத விருந்தினர் பக்கம் என்று ஒன்று வைத்திருக்கிறான். அது காலி.

27 நவம்பர், வெள்ளி

எங்கள் குடும்பப் பக்கம் வந்தது. நூற்றுப் பதினெட்டு.

நான் படிக்கவில்லை. கவிழ்த்து வைக்கிற வேலைதானே, நல்லதாகப் போயிற்று. ஆனால் திரையில் வந்துவிட்டது. அப்பா, அம்மா, ஞானசௌந்தரி என்று நான், பெனோ. அப்பா பெயருக்கு நேரே 1988. அம்மாவுக்கு நேரே போன வருஷம். பெனோ பெயருக்கு வலப்பக்கம் ஓரத்தில் சாம்பலாக ஒரு தீற்றல்.

அன்றைக்கு அப்பா "வெளிய போலே" என்றபோது நான் கதவருகில்தான் நின்றேன். ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. "போட்டும், ரெண்டு நாள்ல பசிச்சா வருவான்" என்று சொன்னது நான். அப்பா கூட இல்லை, நான்!

ஐம்பத்திரண்டு கே.பி. இருந்தது. கிளீன் அழுத்தினேன். முப்பத்தெட்டு. பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. அடுத்த தாளை எடுத்தேன்.

1 டிசம்பர், செவ்வாய்

ஸ்கேன் முடிந்த ஏடுகளின் தாள்கள் மறுபடி பைண்டிங்குக்குப் போயின. கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று சுருக்காத பெரிய படங்களை அழித்துவிட்டோம். அழித்தது நான்தான்.

19 டிசம்பர், சனி

முதன்முதலாக ஒரு வெளியாள்! பினாங்கிலிருந்து எலியேசர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஈமெயில் அனுப்பியிருக்கிறார். ஜேசுதாசன் அச்செடுத்து என் கையில் கொடுத்தான். ஏதோ பரிசு வாங்குவதுபோல் வாங்கினேன்.

தாத்தாவின் பெயரைப் பார்த்து அழுதாராம். பிறகு கேட்கிறார் — "ஓரத்தில் போதகர் ஐயர் பென்சிலில் எழுதியது எங்கே? ஊர் விட்டுப் போனவர் புது இடத்துச் சபையில் சேர மாற்றுக் கடிதம் கேட்டால், எந்த ஊருக்கு அனுப்பினோம் என்று ஐயர் அங்கேதான் குறிப்பார். மறுபடி ஊர் மாறினால் அழித்து எழுத வசதி என்று பென்சிலில் எழுதுவார்கள். உங்கள் படத்தில் ஓரம் வெள்ளையாக இருக்கிறதே?"

எனக்கு இது தெரியாது. நாங்கள் ஊர் மாறியதே இல்லையே, எப்படித் தெரியும்?

சாம்பல் தீற்றல். பெனோ பெயருக்கு நேரே.

பாவி, அது அழுக்கு இல்லையா? அவன் இருக்கிற ஊரா அது?

21 டிசம்பர், திங்கள்

விடிந்ததும் மேலப்பாளையம். பைண்டர் அகமது மீரான் அண்ணாச்சி ஏடுகளை அழகாகக் காலிகோ துணி போட்டு அடுக்கி வைத்திருந்தார். நூற்றுப் பதினெட்டைப் பிரித்தேன். பெனோ என்ற பெயர் முடிகிற இடத்தோடு தாளும் முடிகிறது.

"ஓரம் எங்க அண்ணாச்சி?"

"மூணு பக்கமும் வெட்டாம பைண்டிங் ஏதும்மா? நைஞ்சு, நார்நாராக் கெடந்துச்சு. எப்படிச் சீரா வெட்டியிருக்கேன் பாருங்க."

"வெட்டுன துண்டு?"

"வளையல் கடைக்காரங்க பொதிஞ்சு வைக்க வாங்கிட்டுப் போயிருவாங்க. சாக்கு போயி ஒரு வாரமிருக்கும்." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஏம்மா, அதுல என்ன இருந்துச்சு?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். என் வேலையை நானும் சரியாகத்தான் செய்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து அவனைச் சுத்தமா வழிச்சு எறிஞ்சிட்டோம்.

22 டிசம்பர், செவ்வாய்

ரெண்டு தடவை துரத்தியாச்சு. ஒரு தடவை வாயால, ஒரு தடவை விரலால. எனக்கு என்ன கொள்ளை — ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தா என்ன?

25 டிசம்பர், வெள்ளி

கிறிஸ்துமஸ். பக்கத்து வீட்டு எப்சி ஒரு தட்டு அச்சு முறுக்கு கொடுத்தாள். பாதி அப்படியே இருக்கிறது.

4 ஜனவரி 1999, திங்கள்

இப்போதைய போதகர் வேதமுத்து ஐயரிடம் போய்க் கேட்டேன். மாற்றுக் கடிதம் கிழித்துக் கொடுத்த புத்தகத்தில் அடிக்கட்டை இருக்குமே? அவர் என்னை உட்காரவைத்து, "தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல போச்சும்மா. பழைய பெட்டியெல்லாம் அப்ப வண்ணாரப்பேட்டையில ஒரு வீட்டுல இருந்துச்சு. ஆறு உள்ள வந்து எல்லாத்தையும் கொண்டுட்டுப் போயிட்டு" என்றார். அந்தக் காலத்தில் இருந்த ஐயர் இறந்தே எட்டு வருஷம் ஆகிறது. ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வருகிற வழியில் ஆசாரியைப் பார்த்தேன். கீலை மாற்றிக் கதவைச் சரிபண்ணச் சொல்லிவிட்டேன். "தை பொறக்கட்டும்க்கா, பொங்கக் கழிச்சு வாரேன்" என்றார். வரட்டும். யாருக்காக இந்தக் கதவைத் தினமும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்?

11 ஜனவரி, திங்கள்

ஜேசுதாசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, நல்லவேளை ஆள் யாரும் இல்லை. அவன், "நாப்பதுக்குள்ள நிக்கணும்னு உங்கள விரட்டுனது நாந்தானக்கா" என்றான். மிச்சமிருக்கும் மூன்று ஏடுகளை இனி சாம்பல் நிறத்தோடு, ஓரத்தோடு எடுப்பதாகவும், ஓரத்தில் கத்தி படக் கூடாது என்று பைண்டரிடம் சொல்லிவிடுவதாகவும் முடிவு. பெரிய படம் எதையும் அழிக்கப் போவதில்லை.

அவன் சாப்பிடப் போனபோது, பைண்டரிடமிருந்து வந்த ஏட்டைப் பிரித்து நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை மறுபடி ஸ்கேனரில் வைத்தேன். வெட்டுப்பட்ட ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டுத் தாள். அதில் பென்சிலால் எழுதினேன்:

"பெனோ, அம்மா 97 செப்டம்பரில் போயிட்டா. அப்பா அதுக்கு முன்னாலேயே. நான் சொன்னது தப்பு. அதே வீட்டுல இருக்கேன். சௌந்தரி."

எழுபத்தொரு கே.பி. கிளீன் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. ஜேசுதாசன் வந்து திரையைப் பார்த்தான், அளவைப் பார்த்தான். "கெடக்கட்டும்க்கா. இறங்கும்போது இறங்கட்டும்" என்று அவனே ஏற்றிவிட்டான்.

18 ஜனவரி, திங்கள்

எண் முப்பத்தொன்பது. என் கணக்கு முப்பத்திரண்டு. எலியேசர் சார் நாலைந்து தடவை பார்த்திருப்பார்.

26 ஜனவரி, செவ்வாய்

லீவு. பேச ஆள் இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

3 பிப்ரவரி, புதன்

மத்தியானம் ஜேசுதாசன், "அக்கா, இங்கன வாங்க. விருந்தினர் பக்கத்துல யாரோ எழுதியிருக்காங்க, என்னன்னே வெளங்கல" என்று கூப்பிட்டான். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். பெயர் இல்லை. ஊர் கேட்கிற கட்டமும் காலி. ஒரே ஒரு வரி.

"கதவ இன்னும் தூக்கித்தான் திறக்கணுமா?"

ஜேசுதாசன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கீழே பதில் அடித்தேன். இருபது வருஷம் டைப் அடித்தவளுக்கு ஒரு வரி அடிக்க நாலு தடவை தப்பியது. "ஆமா. தூக்கணும். சாவி இருக்கா?"

6 பிப்ரவரி, சனி

பதில் இன்னும் இல்லை. எந்த ஊர் என்றும் தெரியாது.

காலையில் ஆசாரி வந்தார், புதுக் கீல், திருப்புளி, உளி எல்லாவற்றோடும். வேண்டாம் என்றேன்.

"என்னக்கா இது? நீங்கதான வரச் சொன்னிய?"

"நாந்தான் சொன்னேன் ஆசாரியாரே. இப்ப இருக்கட்டும்."

"இன்னொரு மழைக்குத் தாங்காதுக்கா. சொல்லிட்டேன்."

"தாங்கும்."

முணுமுணுத்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் வெளியே நின்று கதவை ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்தேன். தூக்கிப் பிடித்தால் திறக்கிறது.